பட்டை உரிக்காத பதினைந்து பலகைகள்

சேசு மரி சூசை துணை

ஒரகடம்
18-2-2026, திருநீற்றுப் புதன்

அன்பு மகள் பெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் வலியும் அவள் சர்க்கரையும் வழக்கமான அளவில் இருக்கின்றன, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கொரியாக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அல்லது நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், இரண்டில் ஒன்று நடக்கும். பதினைந்து நாளாக நீ மலைமேல் டவர் கிடைக்காத இடத்தில் மரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு இருப்பதும் ஒரு வகையில் எனக்கு வசதியாகப் போயிற்று. "எல்லாம் சரி, கவலைப்படாதே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன் அல்லவா, அந்த எல்லாம் என்பது என்ன, சரி என்பது எவ்வளவு சரி என்று இதில் எழுதுகிறேன். கடைசி வரை படி. நடுவில் ஓர் இடத்தில் அப்பன்மேல் கோபம் வரும், வரட்டும், அதற்குப் பிறகும் படி.

வீட்டு விஷயம் முதலில். அம்மா தினமும் உன்னைப்பற்றிப் பேசாமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. போன வாரம் சுங்குவார்சத்திரத்துக்கு மாத்திரை வாங்கப் போனபோது அங்கே கொரியாக்காரர்கள் ஹோட்டல் போர்டைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு இந்த எய்த்துதான் படிக்கிறா" என்று பஸ் ஸ்டாப்பில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் உள்ளே என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு, சோற்றோடு சாப்பிடுகிற காரமான கோஸ் என்று இவளே ஒரு விளக்கமும் கொடுத்தாளாம். ரோடு வேலை இன்னும் முடியவில்லை, கம்பெனி பஸ் போனால் துணி காயப்போட்டது எல்லாம் செம்மண் நிறம். நம் அன்பியத்துக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய குடிலுக்கு இந்த வருஷம் பங்கில் இரண்டாம் பரிசு கிடைத்ததே, அந்த எவர்சில்வர் குடத்தில்தான் இப்போது குடிதண்ணீர் வைத்திருக்கிறோம். அந்தக் குடிலிலிருந்துதான் வினையும் ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், போனில் உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன். எங்கள் யார்டுக்கு எங்கெங்கிருந்தோ மெஷின் வந்து இறங்கின பெட்டிகளின் மரம் லாரி லாரியாக வரும், அதைப் பிரித்து, சீவி, சரக்கு அடுக்குகிற பேலட்டாக அடித்து, சேம்பரில் வைத்துச் சூடேற்றி, முத்திரை குத்தி, திரும்பக் கப்பலுக்கு அனுப்புவோம் என்பது உனக்குத் தெரியும். சேம்பரும் முத்திரையும் பதினோரு வருஷமாக என் கையில். கட்டையின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரிக்கு வந்து முப்பது நிமிஷம் நிற்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற பூச்சி புழு சாகும் என்பது சட்டம். வெளியிலிருந்து வந்த மரம் எதுவானாலும் சேம்பருக்குப் போகாமல் கேட்டைத் தாண்டக்கூடாது என்பதும் சட்டம். டிசம்பர் முதல் வாரம் நல்ல பைன் மரம் ஒரு லோடு வந்தது, மூன்று விரல் தடிமன், வெள்ளை வெளேர் என்று, எண்ணெய் வாசனையோடு. அதில் பதினைந்து பலகைகளின் ஓரத்தில் பட்டை உரிக்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்த்ததுமே குடில்தான் கண்ணுக்குத் தெரிந்தது, பட்டையோடு இருந்தால் நிஜ மாட்டுத்தொழுவம் மாதிரியே இருக்கும் என்று. சூப்பர்வைசர் புருஷோத்தமனிடம் கேட்டேன், வருஷா வருஷம் கேட்கிறதுதானே, "எட்த்துக்கோ சின்னப்பா, சேம்பர்ல வெச்சிட்டு எட்த்துக்கினு போ" என்றார். சேம்பரில் வைத்தால் பிசின் வழிந்து வெள்ளை மங்கிப்போகும், பட்டையும் கழன்றுவிடும். பெட்டியில் பார்த்தால் ஏற்கெனவே அந்த ஊர் முத்திரை பளிச்சென்று இருக்கிறது. வெந்ததை எதற்கு மறுபடியும் வேகவைக்க வேண்டும் என்று நினைத்து அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். முத்திரை குத்துகிறவனே முத்திரையை நம்பி ஏமாந்தான் என்று யாரிடமாவது சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள்.

குடில் பிரித்த பிறகு என்ன செய்வோம் என்பதும் உனக்குத் தெரியும். ஃபாதர் மந்திரித்த மரம், குப்பையில் போடக்கூடாது, அடுப்பில் வைக்கக்கூடாது, கோவில் காரியத்துக்குத்தான் போக வேண்டும் என்று நம் அன்பியத்தில் ஒரு வழக்கம். போன வருஷ மரம் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு ஆனது. இந்த வருஷம் பொங்கல் லீவுக்கு வந்த உன் மெர்சி அத்தை, கொடைக்கானலில் எங்கள் தெருவில் பாறைக் குகை மாதிரி கட்டிய சின்னக் கெபியில் லூர்து மாதா சுரூபத்தைச் செங்கல்மேல் வைத்திருக்கிறோம் அண்ணா, பிப்ரவரி பதினொன்று திருநாளுக்குள் ஒரு பீடம் செய்ய வேண்டும் என்றாள். இதைவிட நல்ல காரியம் ஏது என்று பதினான்கு பலகைகளைக் கட்டி பஸ் மேலே ஏற்றிவிட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் நம் வீட்டு ஹாலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே தட்டாக அடித்தேன்.

அந்தத் தட்டுதான் சத்தம் போட்டது. ஜனவரி கடைசியில் ஒருநாள் மத்தியானம் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "இன்னாங்க, பலகை மெல்லுது" என்றாள். உனக்குக் காது போய்விட்டது, இல்லாவிட்டால் ஆண்டவர் உன்னோடு பேசுகிறார் என்று கேலி செய்தேன். அவள் என் தலையைப் பிடித்துப் பலகையோடு சேர்த்து வைத்தாள். கர், கர், கர் என்று உள்ளே ஏதோ கடிக்கிறது. கீழே தரையில் நார் நாராக மரத்தூள். இதை ஒரு வேடிக்கையாகத்தான் ஞாயிற்றுக்கிழமை உனக்கு வீடியோவில் காட்டினேன், மரத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா, எங்கள் பலகைக்கு என்ன வியாதி என்று. நீ சிரிக்கவில்லை. கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னாய், பட்டை தெரிகிறதா என்று கேட்டாய். அப்புறம் நீ கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "மிச்ச மரம் எங்கப்பா?"

கொடைக்கானலில் என்று நான் சொன்னதும் உன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. மூன்று வருஷமாக நீ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய், நான்தான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத நூற்புழு, அதற்குக் காலும் இல்லை இறக்கையும் இல்லை, நீள மீசை வண்டு ஒன்றின் மூச்சுக்குழலில் ஏறி உட்கார்ந்து சவாரி போகும், வண்டு பைன் மரத்தின் இளங்கொம்பைக் கடிக்கும்போது அந்தக் காயம் வழியாக உள்ளே இறங்கும், மரம் தண்ணீர் இழுக்க முடியாமல் வாடி ஒரே பருவத்தில் சிவந்து சாகும், செத்த மரத்தில் வண்டு முட்டை வைக்கும், அடுத்த வருஷம் அதன் பிள்ளைகள் புழுவைச் சுமந்துகொண்டு அடுத்த மலைக்குப் போகும். அங்கே உன் மலைகள் சிவந்துபோன போட்டோவை நீ அனுப்பியபோது, அடடா என்ன அழகு, இலையுதிர்காலமா என்று நான் கேட்டவன்தானே. வண்டு தானாகப் பறந்தால் கொஞ்ச தூரம்தான் போகும் அப்பா, மனுஷன்தான் அதை லாரியிலும் கப்பலிலும் ஏற்றி நாடு விட்டு நாடு கொண்டுபோகிறான் என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. நான் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன், அதுவும் பைன் தோப்புக்கு நடுவே, மாதா காலடியில்.

ஒரு பொல்லாத கேள்வியும் அப்போது கேட்டேன், அதற்கு மன்னித்துக்கொள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படிக்கும்போது நீதானே சொன்னாய், கொடைக்கானல் பைன் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக்குப் பிறகு சோலைக்காட்டை அழித்து நட்ட வெளியூர் மரம் என்று, அது போனால் போகட்டுமே என்றேன். நீ கத்தவில்லை. வேண்டாத மரத்தை எடுப்பது வேறு, ஒரு மலை முழுக்கக் காய்ந்த மரம் நின்று தீப்பிடிப்பது வேறு என்றாய். அங்கிருந்து ஒரு லாரி விறகு வடக்கே போனால் இமயமலைப் பைன் காடு இருக்கிறது, அது வெளியூர் மரம் இல்லை அப்பா என்றாய்.

நீ மூன்று கட்டளை போட்டாய். வீட்டுப் பலகையைக் கெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டு. அங்கே உள்ள மரத்தைத் திரும்பக் கொண்டுவராதே, மறுபடியும் ஊர் ஊராகச் சுமப்பதுதான் தப்பு, அங்கேயே எரித்துவிடு. இரண்டுக்கும் முன்னால் சென்னையில் பயிர் நோய்த் தடுப்பு ஆபீசுக்குப் போன் செய்து உண்மையைச் சொல். முதல் இரண்டும் கை வேலை, மூன்றாவதற்குத்தான் எனக்கு மனசு வரவில்லை. யார்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் நாற்பது பேர் பிழைப்பு என்ன ஆகும், ஐம்பத்தாறு வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான் என்று யோசித்துக்கொண்டே திங்கட்கிழமை புருஷோத்தமன் முன்னால் போய் நின்றேன். கேட்டதும் மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னா சின்னப்பா, சேம்பர்ல வெச்சி எடுன்னு படிச்சி படிச்சி சொன்னேனா இல்லியா? உன் வூட்டு குடிலுக்கு நம்ம யார்டு சாவணுமா?" என்று கத்தினார். கத்தி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, அவரே போனை எடுத்து நம்பர் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த ஆபீசர் அம்மா திட்டவே இல்லை. நீங்களாகச் சொன்னதே பெரிது, இப்படி வருகிற போன் வருஷத்துக்கு ஒன்று இரண்டுதான் என்றார்கள். புதன்கிழமை நேரில் வந்து வீட்டுப் பலகையைப் பிளந்து பார்த்தார்கள். சுண்டுவிரல் கனத்தில் வெள்ளையாக ஒரு புழு, வண்டாக மாறுவதற்கு முந்தின நிலையாம், நல்ல கொழுகொழு என்று இருந்தது. அதையும் பலகையையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். யார்டில் அந்த லோடு மரத்தில் மிச்சம் இருந்ததை அவர்கள் கண்முன்னாலேயே சேம்பரில் ஏற்றினோம். கொடைக்கானல் மரத்தில் மாதிரிக்கு ஒரு துண்டு மட்டும் டப்பாவில் அடைத்து அனுப்பச் சொல்லி, மற்றதை எரிக்கலாம் என்றும், வனத்துறைக்கும் தகவல் சொல்வதாகவும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை விடிகாலை கிளம்பி பஸ் மாறி மாறி மெர்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவளுக்குப் போனில் எதையும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது. மறுநாள் காலை கெபிக்குப் போனால் பீடம் அவ்வளவு அழகாக இருக்கிறது பெனிட்டா. அவள் வீட்டுக்காரர் ரிச்சர்ட் பட்டை இருக்கிற பக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி வைத்து அடித்திருக்கிறார், என் ரசனைதான் அவருக்கும். மேலே நீலப் பட்டு விரித்து மாதா நிற்கிறாள், கெபியைச் சுற்றி மூன்று பக்கமும் பைன் தோப்பு. நான் விஷயத்தைச் சொன்னேன். மெர்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "அஞ்சி நாள்ல திர்னாள வெச்சிக்கினு மாதாவ கீழ எறக்க சொல்றியா அண்ணா? நீதான குட்த்த? மந்திரிச்சதுன்னு நீதான சொன்ன?" என்று அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், கெபிப் பீடத்தைப் பிரிக்கவா கீழேயிருந்து ஒருவன் வந்திருக்கிறான் என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார். உன் போட்டோதான் கைகொடுத்தது. போனை எடுத்து அந்தச் சிவந்த மலையைக் காட்டி, இது பூ இல்லை, இவ்வளவும் செத்த பைன், என் மகள் இதற்குள்தான் வேலை செய்கிறாள் என்றேன். மெர்சி போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். அவள் பிழைப்பு தெரியும்தானே, பைன் தோப்பைப் பார்க்க வருகிற டூரிஸ்ட்டுக்குச் சோளக்கதிர் சுட்டு விற்கிறவள், அந்த மரங்களுக்குக் கீழேதான் இருபது வருஷமாக அவள் மேஜை நிற்கிறது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அவளே போய் மாதாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கீழே இறக்கினாள்.

பீடத்தைப் பிரித்தோம். நீ சொல்லிக்கொடுத்த பரீட்சையை வைத்தேன், பென்சில் நுழைகிற அளவுக்கு வட்ட ஓட்டை இருந்தால் வண்டு வெளியே போய்விட்டது, இல்லாவிட்டால் இருப்பது உள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொரு பலகையாக நாலு பக்கமும் திருப்பித் தடவித் தடவிப் பார்த்தேன், ரிச்சர்ட் எண்ணிக்கொண்டே வந்தார். பதின்மூன்று பலகையில் ஓட்டை இல்லை, இரண்டில் மட்டும் பட்டைக்குக் கீழே தூள். பதினான்காவதைக் காணோம். தேடினால் மெர்சி அதைத் தோப்புக்குள் தன் சோளக்கதிர் மேஜைக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் உட்கார பெஞ்சாகப் போட்டிருக்கிறாள். ஓடினோம். கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் ஓர் ஓட்டை, வட்டமாக, பென்சில் அளவுக்கு. அப்படியே சருகுமேல் உட்கார்ந்துவிட்டேன். தலைக்குமேல் மரங்கள் நிற்கின்றன, எதைப் பார்த்தாலும் நுனி சிவந்த மாதிரியே தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொழில் புத்தி வந்தது. பென்சிலை விட்டுப் பார்த்தேன், நேராக அடுத்த பக்கம் வந்து நின்றது, உள்ளே துரு. அது பெட்டியில் மெஷினை இறுக்கின போல்ட்டு ஓட்டை! வண்டு இப்படி நேர்கோட்டில் போகாது, இரண்டு பக்கமும் திறக்காது என்று எனக்கே தெரியும், இருந்தாலும் போட்டோ எடுத்து ஆபீசர் அம்மாவுக்கு அனுப்பினேன், அவர்களும் போல்ட்டு ஓட்டைதான் என்றார்கள். அந்த நிமிஷம் நான் அழுதேன் பாப்பா. மெர்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவளும் அழுதாள்.

அன்று முதல் வெள்ளி, மாதத்துக்கு ஒருமுறை ஃபாதர் அந்தோணிராஜ் அங்கே பூசை வைக்க வருகிற நாள். மந்திரித்த மரத்தை எப்படி எரிப்பது என்று நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு அவர் ஆச்சரியப்பட்டார். மந்திரித்த பொருளைக் கழிக்கிற முறையே அதுதானே, போன வருஷக் குருத்தோலையை எரித்துத்தானே திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறோம், நெருப்பில் போடக்கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தால் ஒருத்தரும் சொல்லவில்லை, நாங்களாகவே ஆரம்பித்து நாங்களாகவே நம்பிக்கொண்டு வந்திருக்கிறோம். கெபிக்கு முன்னால் இருக்கிற பாறைமேல், தோப்புக்குத் தள்ளி, சுற்றிலும் சருகைக் கூட்டிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு, வனத்துறை ஆள் ஒருவர் கூடவே நிற்க, பதினான்கு பலகைகளையும் எரித்தோம். வீட்டுக்கு வீடு பழைய குருத்தோலையையும் கொண்டுவந்து போட்டார்கள். பைன் மரம் சடசடவென்று எரிந்தது. காலையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர்தான் கடைசிக் கட்டை வேகும்வரை கம்பால் புரட்டிக்கொண்டு நின்றார்.

இனி உனக்குக் கோபம் வருகிற இடம். அந்த நெருப்புக்கு முன்னால் நின்றபோது ஒன்று மனதில் குத்தியது. அந்தப் பெட்டியில் முத்திரை இருந்தது. எங்கேயோ ஒரு நாட்டில், என்னை மாதிரி ஒருவன், வேகாத மரத்துக்கு வெந்தது என்று முத்திரை குத்தியிருக்கிறான். படுபாவி என்று திட்ட வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன் பெனிட்டா. சேம்பரில் சூடு பார்க்கிற சென்சார் ஒயரை இருப்பதிலேயே தடிமனான கட்டையில் துளைபோட்டுச் சொருக வேண்டும். லாரி வந்து ஹாரன் அடிக்கும், டிஸ்பாட்ச்சில் கத்துவார்கள், மெல்லிய பலகையில் சொருகினால் ஐம்பத்தாறு சீக்கிரம் காட்டும், ஒரு மணி நேரம் மிச்சம். மழை நாளில், மாதக் கடைசியில், அப்படிச் செய்திருக்கிறேன். எத்தனை தடவை என்று கேட்காதே, ஒன்று இரண்டு என்றால் பொய்யாகிவிடும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், கட்டைக்குள்ளே என்ன இருந்தது என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். நீ அங்கே மரம் மரமாக ஊசி போடுகிறாய், உன் அப்பன் இங்கே உட்கார்ந்துகொண்டு எந்த மலைக்கு எதை அனுப்பினானோ. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், அவர் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். ஆனால் இது உன்னிடமும் சொல்ல வேண்டிய பாவம் என்று பட்டது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

திரும்பிவந்து ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சேம்பரில் என்னோடு நிற்கிற இசக்கியை உனக்குத் தெரியும், தென்காசிப் பக்கத்து ஆள், போன கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் சாப்பிட்டவன். அவன் லோடு ஏற்றிவிட்டுக் கை பழக்கத்தில் ஒயரை மெல்லிய பலகையில் சொருகப் போனான். அதை எடுடா, தடிக்கட்டையில் போடு என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீய" என்றான். கன்னத்தில் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அது தப்பு, இன்றையிலிருந்து மாற்று என்றேன், அவனும் மறுபேச்சில்லாமல் மாற்றினான். புருஷோத்தமனிடமும் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போகும் என்று டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "ஹாரன் அடிக்கிறவன நான் பாத்துக்கிறேன், கட்டைய நீ பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளே சேம்பர் கதவில் தடிக்கட்டையில் ஒயர், பட்டை இருந்தால் உரி என்று சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டோம். இப்போது பட்டையோடு ஒரு கட்டை வந்தால் இசக்கி எனக்கு முன்னால் பாய்ந்து உரிக்கிறான், எனக்கு யார்டில் பட்டை சின்னப்பன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முத்திரை குத்துவதற்கு முன்னால் முப்பது நிமிஷமும் ஸ்டூல் போட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு நானே உட்கார்ந்திருக்கிறேன். லாரிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நேற்று முன்தினம் திங்கட்கிழமை ஆபீசர் அம்மா போன் செய்தார்கள். அந்தக் குண்டுப் புழுவிலும், பலகையிலும், கொடைக்கானலிலிருந்து அனுப்பிய துண்டிலும் நூற்புழு இல்லை. வண்டு உண்டு, அதன்மேல் சவாரி செய்கிற சனியன் இல்லை. இந்தத் தடவை இல்லை என்றுதான் நீ சொல்வாய், எனக்கும் தெரியும். கெபியைச் சுற்றியுள்ள மரங்களை ஒரு வருஷம் கண்காணிக்கப் போகிறார்கள், ஏதாவது ஒரு கொம்பு சிவந்தால் உடனே சொல்லும்படி மெர்சிக்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அவள் தினமும் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பச்ச அண்ணா" என்று எனக்கு வாய்ஸ் அனுப்புகிறாள். இன்றைக்கும் வந்தது. பதினொன்றாம் தேதி திருநாளுக்கு மாதா எங்கே நின்றாள் தெரியுமா, மெர்சியின் சோளக்கதிர் மேஜைமேல், அதே நீலப் பட்டு விரித்து. அந்த மேஜை இரும்பு. போட்டோவில் ஓரத்தில் மிளகாய்த்தூள் டப்பாகூடத் தெரிகிறது, பார்த்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். மருந்து தொடும்போது கையுறை, முகமூடி மறக்காதே, மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று உனக்கு நீயே நோய் தேடிக்கொள்ளாதே. மதியச் சாப்பாட்டை விடாதே என்று அம்மா மூன்று தடவை எழுதச் சொன்னாள், ஒரு தடவை எழுதியிருக்கிறேன். இட்லிப்பொடியும் மாங்காய் வற்றலும் வைத்திருக்கிறோம், உனக்காக அவள் தேடி வைத்திருந்த மரக்கரண்டியை நான் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன், எவர்சில்வர் கரண்டி போட்டிருக்கிறேன், நீயே மெச்சிக்கொள். கூடவே கடிதத்துக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும், பயப்படாமல் திற. பாறைமேல் எரித்ததில் ஒரு கை சாம்பல் கொண்டுவந்திருந்தேன், இன்று காலைப் பூசையில் நம் ஃபாதர் குருத்தோலைச் சாம்பலோடு அதையும் சேர்த்துத்தான் எங்கள் நெற்றியில் பூசினார். அதில் உனக்கும் ஒரு சிட்டிகை. இந்த முறை நன்றாகவே வெந்திருக்கிறது. நெற்றியில் வைத்துக்கொள், அப்பாவும் அம்மாவும் வைத்ததாக நினைத்துக்கொள். இறைவன் உன்னையும் நீ ஊசி போடுகிற ஒவ்வொரு மரத்தையும் காப்பாராக.

ஒரே ஒரு ஞாபகம். அங்கே துறைமுகத்திலோ கம்பெனி வாசலிலோ எங்கள் யார்டு முத்திரை போட்ட பேலட்டைப் பார்த்தால் தேதியைப் பார். பிப்ரவரி ஒன்பதுக்குப் பிறகு என்றால் அது உன் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்த முப்பது நிமிஷம், நம்பித் தொடலாம். அதற்கு முந்தினது என்றால் வெட்கப்படாதே, காதை வைத்துக் கேள்.

என்றும் உன் அன்பு அப்பா,
ம. சின்னப்பராஜ்

(அம்மா செல்வமேரி பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சத்தத்த மொதல்ல கேட்டது நான்தான்னு நல்லா பெர்சா எய்து" என்கிறாள். எழுதிவிட்டேன்.)